ஏழு தண்ணி விட்டுக் கழுவிய சைக்கிள்

"எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரே ஒரு ஃபிரேம் சொல்லுங்க வாத்தியாரம்மா. எட்டு மாசமாத் தேடறேன். கண்டுபிடிக்க முடியலீங்க."

இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சடையப்பன் நாலு முறை மூச்சு வாங்கினார்.

கோகிலவாணி உள்ளே போனாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

கொல்லிமலை அடிவாரத்தில், தார் ரோட்டிலிருந்து அறுபது அடி மேடு ஏறினால் அவளுடைய கொட்டகை. ஆளுக்குத் தகுந்த ஃபிரேமைத் தேர்ந்து, சக்கரமும் பிரேக்கும் மாட்டி, மலையில் ஓட்டுகிற சைக்கிளாகக் கட்டித் தருவது அவள் வேலை. வயது முப்பத்தொன்று. நரைத்த தலைக்காரர்கள்கூட அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்து ஒருவரும் பார்த்ததில்லை.

சடையப்பனுக்கு ஐம்பத்து மூன்று. ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மேற்பார்வை. மரவள்ளி மாவை ஏழு தண்ணி விட்டுக் கழுவி, வெள்ளை வெளேரென்று எடுத்தால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். வீட்டில் துடைத்த டம்ளரையே மறுபடி துடைக்கிற ஆள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் ஒரு நோட்டைப் பிரித்தார்.

"பத்தொன்பது ஃபிரேம் பாத்து வெச்சிருக்கேனுங்க. எல்லாமே ஹார்ட்டெயில்தான். முன்னால ஸ்பிரிங் ஃபோர்க், பின்னால விறைப்பு. ஒவ்வொண்ணுக்கும் பதினாலு கட்டம். எடை, ஃபோர்க்கோட முன்சாய்வு, கை எட்டற தூரம், டயருக்கு இடம்... மேடு நல்லா ஏறுறது இறக்கத்துல உதறுதுங்கறாங்க. இறக்கத்துல நிக்கறது தார் ரோட்டுல இழுக்குதுங்கறாங்க. எனக்கு எல்லாத்துக்கும் ஆகோணும்."

"எல்லாம்னா எதுங்கண்ணா?"

"எல்லாம்னா... எல்லாந்தானுங்க."

வாணி நோட்டை வாங்கிப் புரட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. ஓர் அடித்தல் கிடையாது. அதை மூடி, கொட்டகை ஆணியில் தொங்கிய பையில் போட்டாள்.

"பழைய வண்டியக் கொண்டாந்தீங்களா?"

சடையப்பன் முகம் மலர்ந்தது. இதற்காகத்தான் இரண்டு நாள் உழைத்திருந்தார். கீழே மினி ஆட்டோவிலிருந்து சைக்கிளை இறக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். பாதி மேட்டில் ஒரு தடவை நின்றார். மார்பைத் தடவிக்கொண்டார். பிறகு வந்து சேர்ந்தார்.

சைக்கிள் பளபளத்தது. ஆயுத பூஜைக்கு நிறுத்திய லாரி மாதிரி ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. சக்கரக் கம்பிகளில் தேங்காய் எண்ணெய் மின்னியது.

"வாத்தியார்கிட்ட வெறுமனே கொண்டாரக் கூடாதுன்னுட்டு."

சீட் கம்பி நுழைகிற குழாயில், மேல்முனைக்குச் சற்றுக் கீழே, பாதிச் சுற்றளவுக்கு ஒரு விரிசல். அந்த விரிசலுக்குள்ளேயும் குச்சி விட்டுச் சுத்தம் செய்திருந்தார் மனிதர்.

வாணி சைக்கிளைச் சுற்றி வந்தாள். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தாள். சீட் கம்பியை வெளியே இழுத்து விரலால் தடவினாள்.

"மண்ணு எங்கீங்கண்ணா?"

"மண்ணா? ஒரு பொட்டு இருக்காதுங்க! ஏழு தண்ணி விட்டிருக்கேன்."

"இந்தக் கம்பியில ஒரு அழுக்கு வளையம் இருந்திருக்குமே? எந்த உயரத்துல வெச்சு ஓட்டுனீங்களோ அந்த இடத்துல?"

"இருந்துச்சுங்க. ஏங்கேக்கறீங்க! மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன், அசையல. அப்புறம் புளி போட்டுத் தேச்சேன்."

"போயிடுச்சுங்களா?"

"சுத்தமாப் போயிடுச்சுங்க."

"போச்சு," என்றாள் வாணி.

அதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. சடையப்பனின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நீங்க எங்க போனீங்க, எப்படிப் போனீங்க, எங்க பயந்தீங்க, எங்க பிரேக்கை விட்டுட்டு வந்தீங்கன்னு இந்த வண்டி எழுதி வெச்சிருந்திருக்கும். எல்லாத்தையும் கழுவிட்டு, பொட்டு வெச்சுக் கொண்டாந்துட்டீங்க."

"இப்ப என்னங்க பண்றது?"

அவள் கொட்டகையின் ஓரத்திலிருந்து ஒரு சைக்கிளை உருட்டி வந்தாள். உயரமான ஃபிரேம், இரும்பு, சாம்பல் நிறம். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

"இதுக்குப் பொதிகழுதைன்னு பேரு. சீட்டை மட்டும் உங்களுக்குத் தோதாத் தூக்கிக்கங்க. வேற எதுலயும் கை வெக்காதீங்க. ஒரு மாசம் ஓட்டிட்டுக் கொண்டாங்க. கழுவக் கூடாது."

"துடைக்கலாமுங்களா?"

"கூடாது."

"நோட்டு?"

"அது இங்கயே இருக்கட்டுமுங்க. இந்த வண்டியும் இருக்கட்டும்."

பூ வைத்த பழைய சைக்கிளைக் கொட்டகையில் விட்டுவிட்டு, சடையப்பன் பொதிகழுதையை மினி ஆட்டோவில் ஏற்றினார். ஓட்டிக்கொண்டு போகவில்லை. வாணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

பதினெட்டாம் நாளே வந்துவிட்டார்.

சைக்கிள் முழுக்கச் சேறு. மேல் குழாய், கீழ்க் குழாய், ஹேண்டில்பார், சீட்டின் பின்புறம்கூட. சடையப்பன் ஒரு மாதிரி பெருமையோடும் ஒரு மாதிரி பார்வையைத் தவிர்த்துக்கொண்டும் நின்றார்.

வாணி ஒரு மூங்கில் குச்சியை எடுத்துச் சேற்றைச் சுரண்டினாள். விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள்.

"இந்த மண்ணுல மாவு இருக்குதுங்கண்ணா."

சடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜவ்வரிசி ஆலை முற்றத்து மண்ணு. மரவள்ளித் தண்ணி ஊறுன மண்ணு. கையால பூசியிருக்கீங்க. சக்கரம் வாரியடிச்சா அடியிலதான் மொதல்ல ஒட்டும். அடியில துளி இல்ல. சீட் கம்பியில வளையமும் இல்ல."

ஐம்பத்து மூன்று வயது மனிதர், இருநூறு மூட்டை மாவை ஒரு பார்வையில் தரம் பிரிக்கிறவர், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊரில் ஒருவரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாணி கோபிக்கவில்லை. அடுப்பில் டீ வைத்தாள்.

டீ கொதிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு அவரே பேசினார்.

"பயமா இருக்குதுங்க."

"எதுக்குங்க?"

"ஏறி உக்காரவே."

டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"மூணு வருசத்துக்கு முன்னால மாரடைப்பு வந்துச்சுங்க. பொழைச்சு வந்தேன். பத்துப் படி ஏற முடியாது. டாக்டர், மெதுவா சைக்கிள் மிதிங்கன்னாரு. மிதிச்சேன். மூணு மாசத்துல ஊரைச் சுத்தினேன். ஆறு மாசத்துல இந்த மலை அடிவாரம். ஒரு வருசத்துல ஏழாவது வளைவு வரைக்கும் ஏறினேனுங்க, நம்புவீங்களா? டாக்டரே எழுந்து நின்னு கை குடுத்தாரு."

"நம்பறேனுங்க."

"எட்டு மாசத்துக்கு முன்னால இறக்கத்துல வர்றேன். டப்புன்னு ஒரு சத்தம். குழாய் விட்டுடுச்சு. விழுந்து கெடந்தேன். அடி ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா நெஞ்சு அடிச்சுக்கிச்சு பாருங்க... மறுபடியும் வந்துடுச்சுன்னே நெனச்சேன். அரை மணி நேரம் யாருமே அந்த வழியா வரல."

"அன்னையிலிருந்து ஓட்டலீங்களா?"

"நல்ல ஃபிரேமா ஒண்ணு பாத்து வாங்கிட்டு ஓட்டலாம்னுதான்... உடையாததா. எதுலயும் குறை இல்லாததா."

எட்டு மாதம். பத்தொன்பது ஃபிரேம். பதினாலு கட்டம். பத்துப் படி ஏறினால் மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அதைப் பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லவில்லை.

வாணி கேட்டாள்: "பழைய வண்டி யாரு குடுத்ததுங்கண்ணா?"

"மச்சினனுங்க. என் சம்சாரத்தோட தம்பி, நல்லதம்பி. லாரி ஓட்டறான். தொப்பையக் குறைக்கிறேன்னு வாங்கி, நாலு நாள் மிதிச்சுட்டுச் சுவத்துல சாத்தி வெச்சிருந்தான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் தள்ளிக்கிட்டு வந்துட்டான். மச்சான், ஏறுங்க, அப்படின்னான். பிடிவாதக்காரன்."

"ஏறினீங்களா?"

"எங்க ஏற? மூணு அடி போனா தலை சுத்தும். அவன் பின்னாலயே ஓடி வருவான். நூறு கிலோ ஆளு. செருப்பு தடுக்குதுன்னு கையில கழட்டிப் பிடிச்சுக்கிட்டு, முள்ளு ரோட்டுல வெறுங்காலோட. நான் விழுந்தாப் பிடிக்கறதுக்கு. நாப்பது நாளுங்க. நாப்பது நாளும் லாரிக்கு லோடு எடுக்கவே இல்ல."

"அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? உன்ற மூச்சுச் சத்தம் என்றதை விடப் பெருசாக் கேக்குதுடான்னு திட்டுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஃபிரேம் விட்டுப்போனதை அவருகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"அவன் குடுத்ததை உடைச்சுட்டேன்னு எப்படிங்க சொல்றது? தார்ப்பாயைப் போட்டு மூடி வெச்சிருந்தேன். அவன் வீட்டுக்கு வர்றப்பல்லாம், இன்னைக்குக் காலைல ஓட்டிட்டேன்டான்னு சொல்லிடுவேன்."

சடையப்பன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

வாணி எழுந்தாள். குழாயைத் திறந்து பொதிகழுதையின் மேல் பூசியிருந்த சேற்றை முழுக்கக் கழுவினாள். மாவு கலந்த தண்ணீர் வெள்ளையாக ஓடி மேட்டில் இறங்கியது.

"நீங்க கழுவக் கூடாதுன்னீங்களே?"

"மண்ணைத்தானுங்க கழுவக் கூடாது. இது பூச்சு."

ஈரச் சைக்கிளை அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல இருந்து ஒரு மாசம். அதுக்கு முன்னால உங்க மச்சினனுக்கு ஒரு போன் பண்ணிடுங்கண்ணா."

*

நல்லதம்பி அப்போது நாக்பூர்ப் பக்கம் லோடோடு போய்க்கொண்டிருந்தான். போனை எடுத்தபோது பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"மாப்ள, வண்டி எங்க நிக்குது?"

"டீ குடிக்க நிறுத்தியிருக்கேன் மச்சான். சொல்லுங்க."

"ஃபிரேம் உடைஞ்சு போச்சுடா."

"என்னது?"

"நீ குடுத்த சைக்கிள். உடைஞ்சு போச்சு. எட்டு மாசமாச்சு. உன்கிட்டப் பொய் சொல்லிட்டே இருந்தேன்."

மறுமுனையில் ஒரு ஹாரன் நீளமாக ஒலித்து ஓய்ந்தது. சடையப்பன் திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு அடி படலயே மச்சான்?"

அவ்வளவுதான் கேட்டான். ஒரு சம்பிரதாயத்துக்காவது கோபித்துக்கொண்டிருக்கலாம், படுபாவி.

"இல்லடா."

"அப்ப எட்டு மாசமா மிதிக்கவே இல்லையா?" இப்போது குரல் உயர்ந்தது. "மூச்சு எப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க. அக்காவுக்குத் தெரியுமா? உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா? ஒரு இரும்பு உடைஞ்சதுக்கு மனுசன் உயிரைப் பணயம் வெப்பானா?"

கோபம் வந்துவிட்டது. சடையப்பனுக்கு நிம்மதியாக இருந்தது.

நல்லதம்பி திரும்பி வர இன்னும் பதினொரு நாள் ஆகும். அதுவரை பொறுக்க அவன் தயாராக இல்லை.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஏறுங்க. ஏறினதும் எனக்குப் போன் போட்டுச் சட்டைப்பையில வெச்சுக்கங்க. கட் பண்ணாதீங்க. நான் லாரியை ஓரங்கட்டிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கேன். நான் பின்னாலதான் வர்றேன், போங்க."

மறுநாள் சடையப்பன் தெருமுனைவரை போனார். சட்டைப்பையிலிருந்து குரல் வந்தது.

"மூச்சு வேகமா இருக்கு. மெதுவா."

மூன்றாம் நாள் ஏரிக்கரை.

"என்ன மச்சான் நாய் குரைக்குது? அந்தச் செவலை நாயா? இன்னும் இருக்குதா அது?"

ஆறாம் நாள் செம்மண் பாதையில் போய் ஓடை மணலில் புதைந்து நின்றார்.

"விழுந்துட்டீங்களா?"

"விழலடா. நிக்கறேன்."

"நின்னா நில்லுங்க. அவசரமென்ன? நானும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எந்த மாநிலத்தில், எந்த ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தானோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

எட்டாம் நாள் சடையப்பன் மலை ரோட்டில் ஏறினார். மூன்றாவது வளைவில் பையிலிருந்த குரல் கரகரத்து அறுந்தது. அதற்கு மேல் சிக்னல் கிடையாது. அவர் அங்கேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒன்பதாம் நாளும் அப்படித்தான். மூன்றாவது வளைவு. திரும்பினார்.

பத்தாம் நாள் மூன்றாவது வளைவில் ஒரு காலை ஊன்றி நின்றார். போனை எடுத்துப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. கீழே பார்த்தார், ஏரி தெரிந்தது. மேலே பார்த்தார், அடுத்த வளைவு தெரிந்தது. செத்துப்போன போனைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்து, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"பின்னால வா மாப்ள," என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

அன்று ஐந்தாவது வளைவு. அதற்கடுத்த வாரம் ஏழாவது. அங்கே ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து, வீட்டில் கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரித்தார். காற்று நன்றாக வந்தது. மூச்சு அதன் பாட்டுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு சடையப்பன் கொஞ்ச நேரம் அழுதார். வருத்தம் ஒன்றுமில்லை. உயிரோடு இருப்பது அவ்வளவு நன்றாக இருந்தது.

*

மாதம் முடிந்து சடையப்பன் கொட்டகை மேட்டில் சைக்கிளை ஓட்டிக்கொண்டே ஏறி வந்தார். மினி ஆட்டோ வரவில்லை.

வாணி வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை எடுத்துக் கையைக் கழுவிக்கொண்டார்.

அவள் மூங்கில் குச்சியோடு பொதிகழுதையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"செம்மண்ணு. அதுக்கு மேல ஓடை மணல். இங்க ஆட்டுப் புழுக்கை. ஊர்த் தெரு. இது தார் உருகின நாளு. மிளகுக் கொடி இலை ஒட்டியிருக்குது, ஆறாவது வளைவுக்கு மேல போயிருக்கீங்க."

"ஏழுங்க."

"பிரேக் கட்டை பின்னால தேஞ்சிருக்குது, முன்னால புதுசா இருக்குது. இறக்கத்துல முன் பிரேக்கைத் தொடவே பயப்படறீங்க."

"ஆமாங்க. குப்புறத் தள்ளிடுமோன்னு இருக்குது."

"சீட்டுக்குப் பின்னால என்ன கட்டுனீங்க? கயிறு உராஞ்சிருக்குது."

"சாப்பாட்டுப் பை."

அவள் ஆணியிலிருந்து பையை இறக்கி நோட்டை அவர் மடியில் வைத்தாள்.

"எல்லாம்னா எதுங்கண்ணா?"

சடையப்பன் இந்த முறை யோசிக்கவே இல்லை.

"காலைல ஆறு மணிக்கு எங்க தெரு. அப்புறம் ஏரிக்கரை, செம்மண்ணு, ஓடை, ஏழு வளைவு. மேட்டுல முன்சக்கரம் தூக்கக் கூடாது. இறக்கத்துல என்னைத் தூக்கி எறியக் கூடாது. தார் ரோட்டுல ஆளை இழுக்கக் கூடாது. ஓடை மணலுக்குத் தடியான டயர் போட இடம் வேணும். சாப்பாட்டுப் பை கட்டத் துளை வேணும். அவ்வளவுதானுங்க என்ற எல்லாம்."

நோட்டைப் புரட்டினார். எட்டு மாதம் உருட்டிக்கொண்டிருந்த பத்தொன்பதில் பதினாறை ஐந்தே நிமிஷத்தில் அடித்தார். முத்து முத்தான கையெழுத்தின் மேல் கோணல் மாணலாகக் கோடு விழுந்தது. அவர் கவலைப்படவில்லை.

"மூணு நிக்குதுங்க. இந்த மூணுல எது வந்தாலும் எனக்குச் சரி."

"சரிதானுங்க," என்றாள் வாணி. "எனக்கும் அந்த மூணுதான்."

"எதுவும் உடையாதுங்களே? பழசு எதனால விட்டுச்சுன்னு மட்டும் தெரியலீங்க. மட்டமான இரும்போ, இல்ல நாந்தான் பள்ளத்துல போட்டு இடிச்சுட்டேனோ?"

வாணி உள்ளே போய்ப் பழைய சைக்கிளை எடுத்து வந்தாள். சாமந்தி காய்ந்து உதிர்ந்திருந்தது. பொட்டு இன்னும் இருந்தது.

பொதிகழுதையின் சீட் கம்பியைக் காட்டினாள். புழுதியில் ஒரு வளையம், பேனாவால் வரைந்த மாதிரி. மிதிகட்டையிலிருந்து சீட்டு வரை நாடாவை வைத்து அளந்தாள். அதே அளவுக்குப் பழைய சைக்கிளின் சீட்டை உயர்த்தினாள். கம்பி வெளியே வந்துகொண்டே இருந்தது. அதில் வெட்டியிருந்த ஒரு சின்னக் கோடு குழாயை விட்டு மேலே வந்து, மூன்று விரல்கடை உயரத்தில் நின்றது.

"இந்தக் கோடு எதுக்குன்னு தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"இதுக்கு மேல தூக்காதேன்னு போட்டது. தூக்கினா பாரம் முழுக்கக் குழாயோட வாய்லயே விழும். விரிசல் விட்ட இடம் அதுதான். இரும்பு மட்டமில்லீங்க. நீங்க இடிக்கவும் இல்ல. இந்த ஃபிரேம் உங்களுக்கு ரெண்டு அளவு சின்னது."

சடையப்பன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினது யாருங்கண்ணா?"

"மாப்ளைதானுங்க." குரல் இறங்கிவிட்டது. "மொத நாளு. முட்டி இடிக்குதுடா, எனக்கு வேண்டாம்னு இறங்கப் போனேன். இருங்க மச்சான்னு சீட்டை இழுத்து இழுத்து உசத்தினான். அவன் என் தோளுக்குத்தான் இருப்பான். அவன் வண்டி எனக்கு எப்படிங்க சேரும்..."

"நோட்டுல இன்னொரு வரி போடுங்க," என்றாள் வாணி. "இருபதாவது. நான் அளந்து சொல்றேன்."

அவள் நாடாவைப் பிடித்துச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்.

"அளவு. ரெண்டு குறைவு."

தப்புக் குறி.

"கை எட்டற தூரம். குட்டை."

தப்பு.

"முன்சாய்வு. செங்குத்து. இறக்கத்துக்கு ஆகாது."

தப்பு.

"டயருக்கு இடம். இல்ல. எடை. நீங்க எழுதின பத்தொன்பதையும் விட அதிகம். பை கட்டத் துளை. இல்ல."

தப்பு, தப்பு, தப்பு. கடைசிக் கட்டம்வரை வந்து நிமிர்ந்தார்.

"பதிமூணும் தப்புங்க. ஒண்ணுகூடத் தேறல."

"பதினாலு கட்டமுங்களே?"

முதல் கட்டம் காலியாக இருந்தது. அது ஃபிரேமின் பெயர் எழுதுகிற கட்டம்.

சடையப்பன் பழைய சைக்கிளைக் குனிந்து பார்த்தார். கீழ்க் குழாயில் முன்பு ஏதோ பெயர் ஒட்டியிருந்தது. அதையும் அவரே புளி போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது.

அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கட்டத்திலும் தேறாத இந்த இரும்புதான் அவரைத் தெருமுனைக்கும், ஏரிக்கரைக்கும், ஏழாவது வளைவுக்கும் கொண்டுபோனது. கோட்டுக்கு மேல் மூன்று விரல்கடை நீண்டு நின்று, இரண்டு வருஷம் தாங்கியது.

காலிக் கட்டத்தில் முத்து முத்தாக எழுதினார்: நல்லதம்பி.

எழுத்து நனைந்து பரவியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"வாத்தியாரம்மா," என்றார், "மச்சினனுக்கு யாருங்க நன்றி சொல்லுவாங்க... ஒரு வார்த்தை, இந்த மூணு வருசத்துல நான் அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை..."

வாணி நாடாவை உதறி நீட்டினாள்.

"செருப்பைக் கழட்டிட்டு நேரா நில்லுங்கண்ணா. இப்பப் புது வண்டிக்கு அளவெடுக்கலாம்."